முன்தோலும் 1949ஆம் ஆண்டு ஆய்வும்

ஆண்குறியின் மொட்டை மூடியிருக்கும் தோல் மடிப்பு முன்தோல் எனப்படும். யூதர்களும் இசுலாமியரும் அதைச் சமயக் கடமையாக அகற்றுகின்றனர். விருத்தசேதனம், சுன்னத்து ஆகிய சொற்கள் அதைக் குறிப்பன. இங்கே சொல்லப்போவது வேறொன்று: சமயக் காரணம் ஏதுமின்றி, மருத்துவத்தின் பெயரால் இங்கிலாந்தில் பச்சிளங் குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட அறுவையின் கதை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கம் அங்கு பரவியது. தூய்மைக்கு நல்லது என்றனர். சுயஇன்பத்தைத் தடுக்கும் என்றும் சொன்னார்கள். லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சனே அப்படி எழுதியவர்தான். வசதியான வீடுகளில் வழக்கம் மிகுதி. ஏழை வீடுகளில் குறைவு. பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. குழந்தையின் தோல் பின்னால் நகரவில்லை, இது முன்தோல் குறுக்கம் என்று மருத்துவரே சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

1949 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர், பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கருவில் முன்தோலும் மொட்டும் ஒரே படலத்தால் ஒட்டியே உருவாகின்றன. அப்படலத்தின் செல்கள் மெல்ல மெல்ல உதிர்ந்தே இரண்டும் பிரிகின்றன. பிறக்கும்போது அவ்வேலை முடிந்திருப்பதில்லை. அவர் சோதித்த பிறந்த குழந்தைகளில் 4 விழுக்காட்டினருக்கு மட்டுமே தோல் முழுவதும் பின்னால் நகர்ந்தது. 1 வயதில் அது 50 விழுக்காடு, 3 வயதில் 90. நோய் என்று பெயரிட்டது வளர்ச்சியின் ஒரு படியைத்தான். பிறந்த நாய்க்குட்டியின் கண் திறக்கவில்லை என்பதற்காக அதைக் குருடு என்போமா?

முன்தோலுக்குப் பயன் உண்டு என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். குழந்தை ஈரத்துணியில் கிடக்கும் பருவத்தில் சிறுநீரிலிருந்து தோன்றும் அம்மோனியா மொட்டைப் புண்ணாக்காமல் அது காக்கிறது. சிறுநீர்த் துளையில் வரும் புண், தோல் அகற்றப்பட்ட குழந்தைகளிடமே காணப்பட்டது.

இவ்வறுவையால் இங்கிலாந்திலும் வேல்சிலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 16 பேர் இறந்துவந்தனர் என்றும் அவர் கணக்கிட்டார். மயக்க மருந்தே பலரின் உயிரைப் பறித்தது. தேவையில்லாத ஒரு வெட்டுக்குப் போன உயிர்கள் இவை.

அடுத்த சில பத்தாண்டுகளில் பிரித்தானியாவில் இவ்வழக்கம் வேகமாகக் குறைந்தது. அமெரிக்காவில் அது தொடர்ந்தது. அங்குள்ள குழந்தை மருத்துவக் கழகம் 2012இல், நன்மைகள் தீமைகளைவிட அதிகம் என்று கூறினாலும், எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்காமல் முடிவைப் பெற்றோரிடமே விட்டது.

கெய்ர்ட்னரின் எண்களிலும் ஒரு குறை இருந்தது. 3 வயதுக்குள் பிரிந்துவிடும் என்று அதைப் படித்தவர்கள், 4, 5 வயதுச் சிறுவர்களை நோயாளிகளாக்கினர். டென்மார்க்கின் யாகோப் ஓஸ்டர் பள்ளி மாணவர்களிடம் ஆய்ந்து 1968இல் வெளியிட்ட முடிவு வேறு. 6-7 வயதிலும் 63 விழுக்காட்டினருக்கு ஒட்டுதல் இருந்தது. 16-17 வயதில் 3 விழுக்காடுதான். குளிப்பாட்டும்போது வெளிப்புறத்தைக் கழுவினால் போதும். தோலை வலிந்து இழுத்தால் கிழிந்து, தழும்பேறி, உண்மையான குறுக்கமே வந்துவிடக்கூடும்.