இணையத் தமிழ்: பூச்சி எழுத்திலிருந்து யுனிகோடு வரை

இன்று ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தமிழ் அப்படியே தெரிகிறது. கூகிளில் தமிழில் தேடினால் தமிழிலேயே விடை வருகிறது. ஆனால் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நிலைமை வேறு. பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது பூச்சி பூச்சியாகப் புரியாத எழுத்துக்கள்தான். கூடவே, "இந்த எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளவும்" என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பும் இருக்கும். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, தளத்துக்கு ஒரு எழுத்துரு!

ஏன் இப்படி? கணினி சேமிப்பது எழுத்தை அல்ல, எண்ணை. அன்றைய கணினிகளில் ஆங்கில எழுத்துக்களுக்கு மட்டுமே எல்லோருக்கும் பொதுவான எண்கள் இருந்தன. எனவே எழுத்துரு செய்தவர்கள் பிற எழுத்துக்களின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். ஈழத் தமிழரிடையே பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். திரையில் தமிழ் தெரியும். கோப்பில் இருப்பதோ அந்த ஆங்கில எழுத்துக்கள்தான். பாமினி இல்லாத கணினியில் அவை மட்டுமே தெரியும். தேடுபொறிக்கும் அப்படித்தான். தமிழில் எழுதியும் தமிழில் தேட முடியாத விசித்திரம்!

இதைத் தீர்க்கப் பலர் முயன்றார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்.

பொதுத் தரம் வேண்டும் என்ற பேச்சு 1997 சிங்கப்பூர் மாநாட்டில் வலுத்தது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாக விவாதித்துத் 'திஸ்கி' குறியீட்டை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே இருந்த 128 இடங்களில் தமிழை வைத்தது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் என்று வேறு இரண்டு தரங்கள் வந்தன. ஒன்று வேண்டும் என்று புறப்பட்டு மூன்றில் வந்து நின்ற கதை! அந்த மாநாட்டின் நிலைத்த பயன் தமிழ் 99 விசைப்பலகை.

வேடிக்கை என்னவென்றால், யுனிகோடு 1991லேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. ஆனால் அதைச் சரியாகக் காட்ட இயங்குதளமும் ஒத்துழைக்க வேண்டுமே. விண்டோஸ் 2000ம், பிறகு எக்ஸ்பியும் வந்த பின்தான் அது சாதாரணக் கணினிகளில் சாத்தியமாயிற்று.

அப்போதும் இரண்டு சிக்கல்கள் இருந்தன. எப்படி அடிப்பது? பழையதை என்ன செய்வது? முதல் கேள்விக்கு முகுந்தின் எ-கலப்பை விடை சொன்னது. ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினாலே தமிழ் வந்தது. இரண்டாவதற்கு விடை, சுரதா செய்த 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றி. வெளிநாட்டுப் பணத்தை மாற்றித் தரும் கடை போல, பாமினியையோ திஸ்கியையோ ஒரு பெட்டியில் ஒட்டினால் இன்னொரு பெட்டியில் யுனிகோடு கிடைத்தது. இரண்டுமே இலவசம்.

விளைவு உடனே தெரிந்தது. 2003ல் தமிழ் வலைப்பதிவுகள் தொடங்கின. அதே ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியாவும் பிறந்தது. 2004ல் காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் திரட்டி வந்தது. அதுவரை எழுத விரும்பியவருக்கு ஒரு பத்திரிகை ஆசிரியரோ, தளம் நடத்தத் தெரிந்த நண்பரோ தேவைப்பட்டார். இப்போது ஒரு கணினியும் எ-கலப்பையும் போதும் என்றாயிற்று. மளிகைக்கடைக்காரரும் எழுதலாம், மாணவரும் எழுதலாம். தமிழக அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தது 2010ல்தான். அதற்குள் எழுதுபவர்கள் முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

ஆனால் எல்லாம் தப்பவில்லை. இலவச இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் ஒரு பகுதியை நகலெடுத்துக் காப்பாற்றினார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட பழைய தமிழ்ப் பக்கம் ஒன்று இன்று கிடைத்தாலும், அது எந்த எழுத்துரு என்று தெரிந்து மாற்றினால்தான் படிக்க முடியும். மாற்றிக்கு வழி இல்லையென்றால் கோப்பு இருந்தும் எழுத்து இல்லை.

மதுரைத் திட்டத்தின் நூல்களோ முதலில் பழைய எழுத்துருவிலும், பிறகு திஸ்கியிலும், பிறகு யுனிகோடிலும் வந்தன. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றியதால்தான் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இன்று எழுத்துருப் பிரச்சினை இல்லை. ஆனால் பலர் எழுதுவது ஏதோ ஒரு நிறுவனத்தின் சுவருக்குள். கூகிள் பிளஸ் 2019ல் மூடப்பட்டபோது அங்கே எழுதியவர்களுக்குக் கிடைத்தது சில மாத அவகாசம்தான். எழுதுவது எளிதாகிவிட்டது, காப்பது எளிதாகவில்லை. எழுதியதற்கு ஒரு நகல் கையில் இருக்கட்டும் நண்பர்களே!