கம்பாஞ்ஞாவின் வலைக் குடில்

மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் 'கெட்ட காற்று' என்பது பொருள். சதுப்பு நிலங்களின் நச்சுக் காற்றே காய்ச்சலைத் தருகிறது என மாந்தர் நெடுங்காலம் நம்பினர். உரோமை நகரைச் சூழ்ந்த கம்பாஞ்ஞா சமவெளி இக்காய்ச்சலுக்குப் பேர்போனது. 1623-இல் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்களையும் அது விட்டுவைக்கவில்லை. இயேசு சபையினர் பெரு நாட்டிலிருந்து கொணர்ந்த சின்கோனா மரப்பட்டை காய்ச்சலைத் தணித்தது. 1820-இல் அதிலிருந்து கொயினா பிரித்தெடுக்கப்பட்டது. மருந்து கிடைத்தது, காரணமோ விளங்கவில்லை. பகைவன் யாரென அறியாதவன் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்வான்?

1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு, அனோபிலிஸ் கொசுவே மனிதருக்கு இந்நோயைக் கடத்துகிறது என்பதை இத்தாலிய அறிஞர் கிராசி நிறுவினார். எனினும் பலர் ஐயுற்றனர். அவர்களுக்கு விடைகூற, பாட்ரிக் மேன்சன் 1900-இல் இரு சோதனைகளை வகுத்தார்.

முதலாவது, ஓஸ்தியாவுக்கு அருகே, கதவுக்கும் சன்னலுக்கும் கம்பிவலை அடித்த ஒரு மரக் குடில். சாம்பன், லோ என்னும் இரு மருத்துவர்கள் காய்ச்சல் பருவம் முழுவதும் அங்கே தங்கினர். கொயினா உண்ணவில்லை, மாலையில் கதிரவன் மறையுமுன் குடிலுக்குள் சென்றுவிடுவர். 'கெட்ட காற்று' வலையினூடே தடையின்றி வீசியது. காய்ச்சல் மட்டும் வரவில்லை. இரண்டாவது, உரோமையிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட நோயுற்ற கொசுக்கள். அவற்றைத் தம் உடலில் கடிக்கவிட்டவர் மருத்துவ மாணவரான மேன்சனின் சொந்த மகன். அவருக்குக் காய்ச்சல் கண்டது. கொயினா அவரைக் குணப்படுத்தியது. ஒரு தந்தை மானிடரின் நலனுக்காகத் தம் மகனையே முன்னிறுத்திய அந்நாள்களை எண்ணுகையில் நெஞ்சம் நெகிழ்கிறது.

வழிச்செல்வோர் குடிலைச் சுமந்து செல்ல இயலாது. ஆகவே தோலில் பூசும் காப்பு தேவையாயிற்று. சிட்ரொனெல்லாப் புல்லின் எண்ணெய் விரைவில் ஆவியாகிவிடும். 1946-இல் அமெரிக்கப் படையினருக்கென உருவான டீட், 1957 முதல் பொதுமக்களுக்கும் கிடைத்தது. பின்னர் பிக்காரிடினும் வந்தது. வாங்குவோர் மணத்தையும் விளம்பரத்தையும் பாராமல், அடங்கிய மருந்தின் பெயரையும் விழுக்காட்டையும் பார்க்க வேண்டும். டீட்டின் விழுக்காடு கூடினால் காக்கும் நேரமே நீளும். 50-ஐத் தாண்டினால் அதுவும் பெரிதாக நீளாது. வெயில் தடுப்புக் களிம்பைப் பூசிய பின்னரே இதைப் பூச வேண்டும். ஒலியெழுப்பிக் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகள் சோதனைகளில் தோற்றன. அனோபிலிஸ் இரவில் கடிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிசோ பகலில் கடிக்கும். எனவே இரவில் வலை, பகலிலும் பூச்சு என இரண்டும் வேண்டும்.

இறைவன் காப்பார் என்றிருக்க, இவை எதற்கு எனக் கேட்போர் உண்டு. கோவிலின் உச்சியிலிருந்து குதிக்க மறுத்த ஆண்டவர், தந்தையைச் சோதிப்பது நம்பிக்கை ஆகாது எனக் காட்டினார். மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவர் கடவுளே என்கிறது சீராக்கின் ஞானம். மேலும், கிருமியோடு ஊர் திரும்புபவரைக் கடிக்கும் கொசு, அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். ஆகவே பயணி தன் கையில் பூசிக்கொள்ளும் அச்சிறு துளி தற்காப்பு மட்டுமன்று, பிறரன்பும் ஆகும்.