ரா கோப்பும் திருத்த மென்பொருளும்

ரா கோப்பு என்பது கேமராவின் உணரி பதிந்த ஒளி அளவுகளைப் படமாக்காமல் அப்படியே சேமித்த தரவு. அதைப் படமாக்குவது மென்பொருளின் வேலை. கேனான் சிஆர்3, நிக்கான் என்இஎஃப், சோனி ஏஆர்டபிள்யூ என்று ஆளுக்கொரு வடிவம் வைத்திருப்பதால், புதுக் கேமரா வரும்போதெல்லாம் மென்பொருளும் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. 2018இல் வந்த கேனான் இஓஎஸ் எம்50 சிஆர்3 வடிவில் எழுதியது. 2017 டிசம்பரோடு புதுப்பிப்பு நின்றுபோன திருத்த மென்பொருளான லைட்ரூம் 6 அந்தக் கோப்பைத் திறக்காது. கேமராவிலும் பழுதில்லை, மென்பொருளிலும் பழுதில்லை. இரண்டுக்கும் பொதுவான மொழிதான் இல்லை. குறை, விவரக்குறிப்பு வெளியிடப்படாத மூடிய வடிவங்களில்தான் இருக்கிறது.

புது உணரிக்குப் புது வடிவம் வேண்டாமா என்று கேட்கலாம். அடோபி 2004இல் வெளியிட்ட டிஎன்ஜி வடிவம் அந்த வாதத்தைத் தளர்த்துகிறது: 2006இல் லைக்கா எம்8 அதிலேயே எழுதியது, 2020இல் ஆப்பிளின் புரோரா வடிவும் அதையே ஏற்றது. டிஎன்ஜியும் ஒரு நிறுவனத்தின் சொத்துதானே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அதன் விவரக்குறிப்பு யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. ரா கோப்பை டிஎன்ஜியாக மாற்றும்போது கேமரா தயாரிப்பாளரின் சில தனிக்குறிப்புகள் பயனற்றுப் போகக்கூடும் என்பதால் மூலக் கோப்பையும் வைத்திருப்பதே சரி. மறைந்துவரும் இடங்களைப் படமெடுப்பவருக்கு இது இன்னும் முக்கியம்: மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்குள்ள தெமியாங் வட்டாரத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாவை ராவில் எடுத்து வைப்பவர், மூலத்தோடு டிஎன்ஜி நகலும் படமாக்கிய டிஃப் (TIFF) நகலும் இரு வேறு வட்டுகளில் சேமிப்பது நல்லது.