பூங்காவின் அடியில் ஒரு தாங்கல்

ஆனி பிறந்து மழை வலுத்துவிட்டால், "ஹிந்துமாதாவில் தண்ணீர் நிற்கிறதா?" என்று விசாரியாமல் வீட்டைவிட்டுப் புறப்படுவோர் நம்மில் அரியர். தாதருக்கும் பரேலுக்கும் இடைப்பட்ட அப்பள்ளத்தில் நீர் தேங்கினால், இருப்புப்பாதை ஊழியராகிய நாம் வேலைக்குச் செல்வதும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதும் தடுமாறும். அந்நீரின் வரலாற்றை அன்பர்கள் அறிதல் நலம்.

மும்பை ஆதியில் ஏழு தீவுகளாக இருந்தது. அவற்றின் இடைப்பட்ட தாழ்நிலங்களில் கடலேற்றத்தின்போது உப்புநீர் பரவும். மழைநீரும் அங்கேயே தங்கி வடியும். ஆளுநர் ஹார்ன்பி காலத்தில் எழுப்பப்பட்டு 1784 அளவில் நிறைவுற்ற அணை, மகாலட்சுமிக்கும் வோர்லிக்கும் இடையே கடல் புகுந்த வாயை அடைத்தது. பின்னர்த் தாழ்நிலங்கள் சிறிது சிறிதாகத் தூர்க்கப்பட்டன. ஆலைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. நீர் தங்கிய இடத்தில் நாம் குடியேறினோம்.

பழைய வடிகால்கள், கடல் வற்றியுள்ள வேளையில் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை மட்டுமே ஏற்கவல்லவை. கடலேற்றமும் பெருமழையும் ஒருங்கே வந்தால் நீர் வெளியேற வழியில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், வண்டிகள் நின்றுவிட நம்மவர் தண்டவாளத்தின் வழியே நடந்து வீடு சேர்ந்ததையும் யார் மறப்பர்?

இதற்கொரு பரிகாரமாக, 2021இல் மாநகராட்சி தாதரின் பிரமோத் மகாஜன் கலா பூங்காவிலும் பரேலின் புனித சேவியர் மைதானத்திலும் நிலத்தடித் தொட்டிகளை அமைக்கத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து இரண்டு கோடி லிட்டருக்கு மேல் கொள்ளும். ஹிந்துமாதாவில் சேரும் நீரை இயந்திரங்கள் குழாய் வழியே அங்குச் செலுத்தும். கடல் வற்றியபின் அது வடிகாலில் விடப்படும். மேலே பிள்ளைகள் விளையாடலாம். கீழே நீர் சில மணி நேரம் காத்திருக்கும்.

தொண்டை மண்டலத்தில் மழைநீரைத் தாங்கிநின்ற சிற்றேரியை நம் முன்னோர் 'தாங்கல்' என்றனர். ஆயினும், தொட்டி கட்டியதோடு கடமை தீராது. 2025 மே 26 மழையில் ஹிந்துமாதாவில் மீண்டும் நீர் தேங்கியது. இயந்திரம் ஆயத்தமாக இராவிடின், வண்டல் அகற்றப்படாவிடின், வடிகாலில் நாமே குப்பை கொட்டினால், எந்தத் தாங்கலும் தாங்காது.

நீரிடமிருந்து பெற்ற நிலத்தில் சிறு பகுதியை, சில மணி நேரத்திற்கேனும், அதற்குத் திருப்பித் தருவது நியாயமே என நாம் கருதுகிறோம்.