தாக்குதல் தடய ஆய்வு

போரில் விழுந்த ஏவுகணை எது, எங்கிருந்து வந்தது, எதைத் தாக்கியது என்பதை, எவர் கைக்கும் எட்டும் காணொளிகள், செயற்கைக்கோள் படங்கள், சிதறிய உலோகத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டே நிறுவும் முறை. இதழியலிலும் போர்க்குற்ற விசாரணையிலும் இன்று இதற்குத் தனி இடம் உண்டு. ஒரு வேலைக்கென்று செய்து வேறு வேலைக்குத் திருப்பப்பட்ட ஏவுகணைகள் இதன் வரலாற்றில் அடிக்கடி தென்படுகின்றன. அவை குறி தவறுவது அதிகம்; தவறியபின் பொறுப்பை மறுப்பதும் அதிகம்.

ஈரானோடு போரிட்ட இராக்கிடம் சோவியத் தயாரிப்பான ஸ்கட்-பி ஏவுகணைகள் இருந்தன. ஏறத்தாழ 300 கி.மீ. மட்டுமே செல்லும் அவற்றால் தெஹ்ரானை எட்ட முடியவில்லை. வெடிமுனையின் எடையைப் பாதியாகக் குறைத்து, எரிபொருள் தொட்டியை நீட்டி, 600 கி.மீ.க்கு மேல் செல்லும் ‘அல்-ஹுசைன்’ ஏவுகணையை இராக் உருவாக்கியது. 1988-இல் ஈரானிய நகரங்கள் மீதும், 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேல், சவுதி அரேபியா மீதும் அவை ஏவப்பட்டன. சமநிலை கெட்டிருந்ததால் கீழிறங்கும்போது பல ஏவுகணைகள் காற்றிலேயே உடைந்து சுழன்றன. எதிர்த்து ஏவப்பட்ட அமெரிக்க பேட்ரியாட்டுகள், துண்டுகளுக்கு நடுவே வெடிமுனை எது என்று பிரித்தறியத் திணறின.

இருந்தும் அமெரிக்க ராணுவம் சவுதியில் 80 சதவீதம், இஸ்ரேலில் 50 சதவீதம் வெற்றி என்று அறிவித்தது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தியடோர் போஸ்டலும் ஜார்ஜ் லூயிஸும் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் எடுத்த காட்சிகளை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்து, வெற்றி விகிதம் மிகக் குறைவு, சுழியமாகவும் இருக்கலாம் என்றனர். இரண்டு சட்டகங்களுக்கு நடுவே ஏவுகணை பல மீட்டர் பாய்ந்துவிடும், எனவே சாதாரண கேமரா போதாது என்பது எதிர்த்தரப்பு வாதம். அது நியாயமான கேள்விதான். ஆனால் ‘வீழ்த்தப்பட்ட’ ஏவுகணையின் வெடிமுனை தரையில் விழுந்து வெடித்தது காட்சிகளில் பதிவாகியிருந்தது. அரசின் போர்க்களக் கணக்கை வெளியார் பொதுக் காட்சிகளைக் கொண்டு சோதித்த முதல் பெரிய நிகழ்வாக இதைக் கொள்ளலாம்.

கைப்பேசிக் கேமராவும் இணையமும் பரவியபின் துறை வேகமாக வளர்ந்தது. 2013-இல் சிரியாவின் கூட்டா ரசாயனத் தாக்குதலும், 298 பேரைப் பலிகொண்டு 2014-இல் எம்.எச்.17 பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் இவ்வாறு ஆராயப்பட்டன. இத்தகைய ஆய்வில் ஈடுபடும் பெல்லிங்கேட் குழு பெயர் பெற்றது அப்போதுதான்.

2022 ஜூன் 27 அன்று உக்ரைனின் கிரெமென்சுக் நகரில் ஒரு வணிக வளாகம் எரிந்தது. குறைந்தது 20 பேர் இறந்தனர். ஆயுதக் கிடங்கைத்தான் தாக்கினோம், அங்கிருந்து தீ பரவியது, வளாகம் செயல்படாமல் கிடந்தது என்றது ரஷ்யா. அருகிலிருந்த பூங்காவின் கண்காணிப்புக் கேமராக்களில் ஏவுகணை விழுவது பதிவாகியிருந்தது. ஒன்று வளாகத்திலும் மற்றொன்று பக்கத்துத் தொழிற்சாலையிலும் விழுந்தது தெளிவாயிற்று. சில நாள் முன்பு அங்கே பொருள் வாங்கியவர்களின் ரசீதுகள் கடை திறந்திருந்ததைக் காட்டின. விழுந்தது கே.எச்-22 என்று உக்ரைன் கூறியது. 1960-களில் விமானம் தாங்கிக் கப்பல்களை மூழ்கடிக்க வடிவமைத்த, ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வெடிமுனையைச் சுமக்கும் ஏவுகணை அது. திறந்த கடலில் தனித்து நிற்கும் கப்பலை அதன் ரேடார் கண்டுகொள்ளும். நெருக்கமான நகரில் குறிப்பிட்ட ஒரு கட்டடத்தைப் பிரித்தறியாது. அத்தகைய ஆயுதத்தைக் குடியிருப்புகளின் அருகே ஏவுவது, யார் செத்தாலும் சரி என்று துணிவதுதான்.

இந்த ஆய்வின் நம்பகம் எந்தப் பக்கத்தின் தவறையும் காட்டுவதில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 6 அன்று உக்ரைனின் கோஸ்தியந்தினிவ்கா நகரச் சந்தையில் ஏவுகணை விழுந்து குறைந்தது 15 பேர் இறந்தபோது உக்ரைன் அரசு ரஷ்யாவைக் குற்றம் சாட்டியது. நியூயார்க் டைம்ஸ் காணொளியை நுணுகிப் பார்த்தது. வெடிப்புக்குச் சற்றுமுன் தெருவில் நின்றவர்கள் உக்ரைன் வசமிருந்த பகுதியை நோக்கித் தலை திருப்பினர். நிறுத்தியிருந்த கார்களின் கூரையில் ஏவுகணையின் பிரதிபலிப்பு தெரிந்தது. தடம் மாறிய உக்ரைனிய பூக் வான்காப்பு ஏவுகணையாக இருக்க வாய்ப்பு மிகுதி என அந்த நாளிதழ் முடிவு கூறியது.

சமூக ஊடகங்களிலிருந்து பதிவுகள் நீக்கப்படுவது துறையின் பெரிய இடர். 2017-இல் சிரியப் போர்க் காணொளிகள் பலவற்றை யூடியூபின் தானியங்கி முறை அழித்தது. இத்தகைய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் நெறிகளை ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-இல் ‘பெர்க்லி நெறிமுறை’யாக வெளியிட்டன.