ரைன் எல்லையின் ரோம வெள்ளிக்காசுகள்

ரோமப் பேரரசின் அன்றாட வெள்ளிக்காசு தெனாரியஸ். அகஸ்டஸ் காலத்தில் அது 4 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையில், ஏறக்குறைய சொக்க வெள்ளியாக இருந்தது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூர்ப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தெனாரியஸ்களே மிகுதி. தமிழகத்துக்கு இக்காசு வணிகத்தின் வழியே வந்தது. இன்றைய ஜெர்மனியிலோ அது முதன்மையாகப் படைவீரரின் சம்பளம். எல்லையில் குழப்பம் மூண்டபோதெல்லாம் வீரர்களுக்குச் சொல்ல வேண்டியது காசின் மேல் ஏறியதற்கு இதுவே காரணம்.

கி.பி. 9இல் ரோமத் தளபதி வாருஸின் 3 படையணிகள் அழிந்தபின், வடக்கே ரைன் ஆறு எல்லையாக நிலைத்தது. காமாட்சி அம்பாள் கோயிலால் தமிழர் நன்கறிந்த ஹம் ஊன்ட்றொப், ரைனுக்குக் கிழக்கே லிப்பே ஆற்றுப் பகுதியில் உள்ளது. அதே ஆற்றின் கீழ்ப்போக்கில் ஓபராடன், ஹால்டர்ன் ஆகிய இடங்களில் ரோமப் பாசறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

நீரோ இறந்த மறு ஆண்டான 69இல், ரைன் படைகள் கொலோனில் விட்டெல்லியஸைப் பேரரசராக அறிவித்தன. அத்தரப்பு வெளியிட்டதாகக் கருதப்படும் ஒரு தெனாரியஸில் எந்தப் பேரரசரின் தலையும் இல்லை. இருபுறமும் பற்றிய கைகள். ஒருபுறம் 'படைகளின் விசுவாசம்', மறுபுறம் 'மெய்க்காவற் படையின் விசுவாசம்' என்ற லத்தீன் வாசகங்கள். ரோமிலிருந்த மெய்க்காவலரைத் தம் பக்கம் இழுப்பதே இதன் நோக்கமாகலாம்.

260இல் பேரரசர் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டார். அவ்வாண்டிலேயே தளபதி போஸ்டுமஸ் கொலோனைக் கைப்பற்றித் தனியரசு அமைத்தார். அவர் வெளியிட்ட இரட்டைத் தெனாரியஸ்களில் ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. முன்புறம் கதிர்முடி சூடிய தாடி முகம். பின்புறம் சாய்ந்து கிடக்கும் ரைன் ஆற்றுத் தெய்வம். அருகே நீர்க்குடமும் படகின் முன்பகுதியும். வாசகம் 'மாகாணங்களின் நலம்'. ரோம் நகரையோ உலக வெற்றியையோ பேசாமல், காக்க வேண்டிய ஆற்றையே காட்டிய இக்காசு அக்காலத்து அரசியல் அறிவிப்புகளில் மிக நேர்மையானது எனலாம். உள்ளூர்ப் பெயர் தாங்கிய ஹெர்குலிஸும் அவர் காசுகளில் இடம்பெற்றார்.

வெள்ளியின் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. 215 வாக்கில் பாதியளவு வெள்ளியுடன் தொடங்கிய இரட்டைத் தெனாரியஸ், பேரரசர் காலியெனஸின் ஆட்சி முடிந்த 268இல் நூற்றுக்குச் சில பங்கே வெள்ளி கொண்ட செம்பாகிவிட்டது. அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. போஸ்டுமஸின் தனியரசும் நிலைக்கவில்லை. 269இல் மைன்ஸ் நகரைச் சூறையாட விடாத அவரைச் சொந்த வீரர்களே கொன்றனர். 274இல் பேரரசர் ஆரேலியன் அத்தனியரசை மீண்டும் பேரரசோடு இணைத்தார். தூய வெள்ளிக்காசு, பேரரசர் டயோக்ளீஷியன் 294 வாக்கில் செய்த சீர்திருத்தத்தில்தான் திரும்ப வந்தது.