பாதை போட்டவர்களும் கூட ஓடியவர்களும்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு மாத்திரைச் சீட்டோடு ஒரு அறிவுரையும் கிடைக்கும்: தினமும் நடங்க. யாரோடு நடப்பது என்பது சீட்டில் இருக்காது. அந்த விடுபட்ட பாதியை நிரப்ப இரண்டு இடங்களில் இரண்டு விதமாக முயன்றிருக்கிறார்கள். ஒன்று 1974இல் ஹவாயின் ஹொனலூலுவில், மற்றது 2023இல் நம் தமிழ்நாட்டில். வேலூர், ஆம்பூர் பக்கத்து இதய நோயாளிக்கு இவற்றில் எது உதவும்?

ஹொனலூலுவின் ஜாக் ஸ்காஃப் இதய மருத்துவர். தன் நோயாளிகளை மெல்லோட்டம் ஓட வைத்தவர். மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திய பழைய வைத்தியத்தின் பயம் அப்போது முழுதாக விலகியிருக்கவில்லை. 1973இல் ஹொனலூலு மாரத்தான் தொடங்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அடுத்த ஆண்டு கபியோலானி பூங்காவில் ஞாயிறு காலைகளில் அவருடைய ‘மாரத்தான் கிளினிக்’ கூடியது. பெயர்தான் கிளினிக்; நடந்ததெல்லாம் திறந்த வெளியில். புதிதாக வருகிறவர்களை வேகத்துக்கேற்பக் குழுவாகப் பிரித்து, பழகிய ஓட்டக்காரர் ஒருவரைக் கூட அனுப்புவார்கள். முக்கியமான விதி ஒன்று: பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம்.

இதய நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை என்பேன். அவர்களில் பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள். அது நாடித்துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் ஓடலாம்’ என்று நினைத்தால் ஏமாறுவோம். பேச்சு ஏமாற்றாது. ஆனால் பேசிப் பார்க்க ஆள் வேண்டுமே! மருத்துவ விதியாகச் சொன்னதே சிநேகத்துக்கும் வழி செய்துவிட்டது. ஹொனலூலு மாரத்தானுக்கு நேர வரம்பு இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடைசி ஆளுக்கும் இடம் உண்டு என்று தெரிந்தால்தான் பயந்தவர் வருவார்.

நம் கதை வேறு. மா. சுப்பிரமணியன் 2004இல் சாலை விபத்தில் முழங்கால் அடிபட்டு, பிறகு யோகா, ஓட்டம் என்று மீண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர். 2021இல் சுகாதார அமைச்சரானார். டோக்கியோவில் பார்த்த எட்டு கிலோமீட்டர் நடைபாதையை மாதிரியாக வைத்து அவர் கொண்டுவந்த ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது: மாவட்டத்துக்கு ஒரு பாதை, மாதத்தின் முதல் ஞாயிறன்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம். அதே ஆண்டு வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம், நெஞ்சுவலி என்று துணை சுகாதார நிலையத்துக்கு ஓடிவருகிறவருக்கு அங்கேயே 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுக்கச் சொன்னது. உயிர் காக்கும் ஏற்பாடு அது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பாதையில்தான் சொல்ல இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு எட்டு கிலோமீட்டர் என்ற எண்ணே மிரட்டும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று நேரத்தில் தொடங்க வேண்டியவர் அவர். தவிர, பாதை யாரையும் விசாரிக்காது. மூன்று நாள் வராமல் போனால் “என்ன பாய், ஆளையே காணோம்?” என்று கேட்க மனுஷன்தான் வேண்டும். ஹொனலூலு ஆட்களைச் சேர்த்தது, பாதை தானாக வந்தது. நாம் பாதை போட்டுவிட்டு ஆட்களுக்குக் காத்திருக்கிறோம்.

வேலூருக்கு இந்தக் குறை இருக்கக் கூடாது. ரீவ் பெட்ஸ் 1949இல் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கியதும், மேரி வர்கீஸ் முயற்சியில் 1966இல் மறுவாழ்வு நிலையம் திறந்ததும் இந்த ஊரின் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். கோட்டையை ஒட்டி விடியற்காலையில் நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து வெளியே வருகிறவரை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிட ஒருவர் போதும். சென்னை ரன்னர்ஸ் 2006இலிருந்து பேட்டைக்குப் பேட்டை கிளை வைத்து வளர்ந்தது இப்படிப்பட்ட சிறு கூட்டங்களால்தான்.

ஆம்பூர் கடினம். திருப்பத்தூர் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் சேர்த்தே ஒன்றுதான். உலகத்துக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊரில், ஷூ கம்பெனிப் பெண்கள் காலையில் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவதுதான் ஓட்டம். ஞாயிறு அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள். ஹொனலூலு முறையும் அரசு முறையும் ஞாயிறையே நம்பியிருப்பதால் இரண்டுமே இவர்களைத் தவறவிடுகின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனி வளாகத்திலேயே நிழலான பக்கமாகப் பத்துப் பேர் சேர்ந்து மெல்ல நடப்பது இங்கே நடக்கக்கூடிய காரியம். முதலாளிகள் மனசு வைத்தால்.

ஓட்டம் கவசம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவையே ஓட வைத்த புத்தகத்தை எழுதிய ஜிம் ஃபிக்ஸ் 1984இல், 52 வயதில், ஓடும்போதே மாரடைப்பில் இறந்தார். அவருடைய அப்பாவையும் மாரடைப்பு 43 வயதில் கொண்டுபோயிருந்தது. ஆகவே டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டி.எம்.டி. பரிசோதனையும் மருத்துவரின் அனுமதியும் முதலில், ஷூ பிறகு. வேலூர் வெயிலில் சூரியன் ஏறிய பின் ஓடவும் வேண்டாம்.

என் ஓட்டு ஹொனலூலுவுக்குத்தான். கோட்டைப் பக்கம் ஏற்கெனவே நடக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சங்கம் வைத்து பனியன் அச்சடிப்பதற்கு முன்னால் மெதுவாக நடக்கத் தயங்காத ஒருவரையும், நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி பழகிய ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவரிடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காமல் பெயரையும் போன் நம்பரையும் கேளுங்கள்.